மூச்சு எங்கே போகிறது?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது என்று அறிவிப்பது வானிலை அறிக்கையல்ல. தேங்காய் எண்ணெய் பாட்டில். ஒரு நாள் காலை தலைக்கு வைக்க எடுத்தால் உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். பாட்டிலை பால்கனி வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்போம். பதினைந்து ஆண்டுகளாக இதைச் செய்துவந்தவள் நான். அப்படியிருந்தும் 2018 டிசம்பரில் என் மகளின் டிரம்பெட் ஏன் மக்கர் செய்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

அவள் அப்போது எட்டாம் வகுப்பு. ஜூலையில் பள்ளி பாண்டில் சேர்ந்திருந்தாள். பள்ளி ஸ்டோர் ரூமில் ஆறு டிரம்பெட்டுகள் இருந்தன. அவளுக்குக் கிடைத்தது ஆறாவது. நாதஸ்வரத்தின் அணசு போல மலர்ந்திருக்கும் முனையில் ஒரு நசுங்கல், பூச்சு உதிர்ந்த உடம்பு, கைப்பிடி அறுந்த பெட்டி. அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளி பஸ்ஸில் வீட்டுக்கு வந்த அன்று அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க முடியாது.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது பிழைப்பு. டிரம்பெட் என்ற சொல் வந்தால் யோசிக்காமல் எக்காளம் என்று போட்டுவிட்டுப் போகிற ஜாதி. வீட்டுக்குள் ஒன்று வந்து உட்கார்ந்த பிறகுதான், கோயில் எக்காளத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் தெரிந்தது. எக்காளத்தில் உதட்டையும் மூச்சையும் தவிர வேறு கருவி கிடையாது. டிரம்பெட்டில் மூன்று வால்வுகள். இரண்டாவதை அழுத்தினால் காற்று ஒரு சிறிய சுற்றுவழியில் போய் சுருதி அரை சுரம் இறங்கும். முதலாவது ஒரு முழு சுரம், மூன்றாவது ஒன்றரை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாயை விரல்களால் நீட்டிச் சுருக்குவதுதான் மொத்த வித்தை. 1818இல் ஸ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்ற இரு ஜெர்மானியர்கள் வால்வுக்கு காப்புரிமை பெற்றார்கள். 1839இல் பாரீஸில் பெரினே என்பவர் அதற்குக் கொடுத்த வடிவம்தான் இன்றுவரை, சிறுசிறு மாற்றங்களோடு, கல்யாண பாண்டு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

என் மகளுக்கு இதெல்லாம் மூன்றே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது ஒன்றுதான். சத்தம். சில சுரங்கள் சரியாக வந்தன. சில சுரங்கள் துணிக்குள்ளிருந்து வருவது போல் மங்கி ஒலித்தன. மேலே போகப் போக சத்தத்தைவிடக் காற்றின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. பாண்டு மாஸ்டர் ராணுவ பாண்டிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெண் புத்திசாலி. விரல் நன்றாக ஓடுகிறது. ஆனால் மூச்சு போதவில்லை."

அந்த வார்த்தை நேராக என் பயத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அவளுக்கு ஆறு வயதிலிருந்து வீசிங் உண்டு. தில்லியில் நவம்பர் பிறந்தால் புத்தகப் பையில் இன்ஹேலர் கட்டாயம். தீபாவளிப் புகை, பனி, வாகனப் புகை எல்லாம் சேர்ந்து அடுக்குமாடிகளையே மறைக்கிற நாட்களில் அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு எத்தனையோ இரவுகள் நான் விழித்திருக்கிறேன். ஊதுகிற வாத்தியம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவள் நான். டாக்டர்தான், "அவளுக்குப் பிடித்திருக்கிறது, தொந்தரவு வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இன்ஹேலர் கையில் இருக்கட்டும்" என்று அனுமதித்தார். இப்போது மாஸ்டரே மூச்சு போதவில்லை என்கிறார். வருத்தப்பட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

வீட்டில் டிரம்பெட்டுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. வாசித்து முடித்ததும் ஒரு சிறு சாவியை அழுத்தி உள்ளே சேர்ந்த நீரை வெளியே ஊதித் தள்ள வேண்டும். என் மாமியார் அதைப் பார்த்த அன்றே தீர்ப்பு வழங்கிவிட்டார்: "எச்சில் சாமான் வீட்டுக்குள்ள வரக் கூடாது." அது பெரும்பாலும் எச்சிலே அல்ல. குளிர்ந்த நீருள்ள டம்ளரின் வெளிப்புறத்தில் துளிகள் படிவது போல, வெதுவெதுப்பான மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த பித்தளையில் படிந்து நீராகிறது. இதை என் மகள் பாட்டிக்கு டம்ளரை வைத்தே விளக்கினாள். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும், பால்கனியிலயே இருக்கட்டும்" என்றார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் விலக்கு. அன்று டிரம்பெட் பூஜை அறைக்கே வந்தது. பாட்டியே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இயந்திரம் என்றால் எண்ணெய் போட வேண்டாமா? வால்வுகளை நான் ஒவ்வொன்றாகத் தூக்கி, மெஷினுக்குப் போடுவது போல் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். அக்டோபர் வெயிலில் வால்வுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. எனக்கு ஏக திருப்தி.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். டிசம்பரில் எங்கள் பால்கனியில் காலை ஆறு மணிக்கு ஏழெட்டு டிகிரிதான் இருக்கும். வால்வுக்கும் அது ஏறி இறங்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் எண்ணெய் கட்டிக்கொண்டால் அழுத்திய வால்வு எழும்பாது. பாட்டில் ஒரு பக்கம் வெயிலில் நிற்க, அதே எண்ணெய் குடித்த டிரம்பெட் இன்னொரு மூலையில் விறைத்துக் கிடந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

பழுது பார்க்கிறேன் என்று நானே இறங்கியதுதான் அடுத்த விபரீதம். மூன்று வால்வுகளையும் ஒரே நேரத்தில் கழற்றித் துடைத்து மாட்டினேன். இப்போது ஊதினால் காற்று உள்ளேயே போகவில்லை. சுவரில் ஊதுவது போல் இருந்தது. கைதவறிக் கீழே விழுந்ததில் வாயில் வைத்து ஊதும் பகுதி, மவுத்பீஸ், குழாய்க்குள் இறுகிக்கொண்டது. அதைத் துணி சுற்றி இடுக்கியால் பிடித்துத் திருகினேன். மவுத்பீஸ் அசையவில்லை, எங்கோ 'டக்' என்று ஏதோ விட்டது. மகள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பத்திரிகைக்கு எழுதுகிற அக்கறையோடு திருத்தித் திருத்தி எழுதிய ஆங்கிலக் கடிதம். உடல்நிலை காரணமாக என் மகளை ஊது வாத்தியத்திலிருந்து விடுவித்து டிரம் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். அலுவலகத்தில் கொடுத்து முத்திரையும் வாங்கிக்கொண்டேன். பள்ளிப் பொருளை உடைத்துத் திருப்பித் தர முடியாது. ரிப்பேர் செய்து ஒப்படைத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

பழைய தில்லியில் பாண்டு சாமான் விற்கும் ஒருவர் டிரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதிதாக வாங்குங்கள். இல்லையென்றால் மீரட் போங்கள்" என்றார். சனிக்கிழமை காலை பனிமூட்டத்தில் ஆனந்த் விஹாரிலிருந்து மீரட் பஸ் ஏறினோம். மகள் ஜன்னலோரம். பெட்டி அவள் மடியில்.

மீரட் என்றால் நமக்கு 1857 நினைவுக்கு வரும். அந்தக் கிளர்ச்சி வெடித்த கன்டோன்மென்ட் நகரம்தான் நாட்டின் பாண்டு வாத்தியங்களுக்கும் தலைநகரம். ரெஜிமென்டுகள் இருந்த ஊரில் பாண்டு இருந்தது. பாண்டு இருந்த ஊரில் ரிப்பேர் செய்கிறவர்கள் வேண்டியிருந்தது. 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி இங்கேதான் இருக்கிறது. ஜாலி கோட்டி என்ற பகுதியின் குறுகிய சந்துகளில் கடைக்குக் கடை பித்தளை. யானைக் காது போன்ற சூசஃபோன்கள், யூஃபோனியங்கள், பியூகிள்கள் வாசலில் தொங்குகின்றன. உள்ளே ஒருவர் தகட்டை உருளையில் போட்டுத் தட்டுகிறார். இன்னொருவர் குழாய்க்குள் உருக்கிய தாரை நிரப்புகிறார். வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். தார் இறுகிய பிறகு வளைத்தால் உருண்டை மாறாது. பிறகு சூடுகாட்டி தாரை வடித்துவிடலாம்.

நாங்கள் போனது நல்ல சமயம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை வடநாட்டில் கர்மாஸ், கல்யாணம் கிடையாது. நம் மார்கழியேதான். சென்னையில் சபாக்களில் இடம் கிடைக்காத அதே மாதத்தில் இங்கே பாண்டுகளுக்கு வேலை கிடையாது. ஆகவே நசுங்கியதும் ஒழுகுவதுமாக வாத்தியங்கள் மூட்டை மூட்டையாக ஜாலி கோட்டிக்கு வந்து சேர்கின்றன. விசாரித்துக்கொண்டு போனதில் ஒரு மாடிப்படிக்கு அடியில் எட்டடிக்கு ஆறடி இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் காட்டினார்கள். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். எல்லோரும் உஸ்தாத் என்றே கூப்பிட்டார்கள்.

நான் பெட்டியைத் திறந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். டிரம்பெட்டைத் தொடவே இல்லை.

"யார் வாசிக்கிறது?"

மகளைக் காட்டினேன்.

பின்னால் ஆணியில் தொங்கிய தன் டிரம்பெட்டை எடுத்தார். மவுத்பீஸைக் கழற்றிக் கழுவி, துடைத்து மாட்டி அவளிடம் நீட்டினார். "வாசி, பேட்டி. மெதுவாக. கீழேயிருந்து மேலே."

"அவளுக்கு வீசிங் இருக்கிறது. மூச்சு போதாது" என்றேன் அவசரமாக.

"பெஹன்ஜி, வாத்தியத்தில் கோளாறா, வாசிக்கிறவரிடம் கோளாறா என்று தெரியாமல் நான் எதைத் திறப்பது?"

அவள் வாசித்தாள். முதல் சுரமே சந்து முனைவரை கேட்டிருக்கும். எதிர்க் கடையில் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலை நிறுத்தினார். அவள் மேலே போனாள். பள்ளியில் எப்போதும் உடைந்துபோகும் அந்த சுரம் வந்தது. உடையவில்லை. தெளிவாக, நேராக, ஒரு கோடு போல நின்றது. அவளே நம்பாமல் நிறுத்திவிட்டு வாத்தியத்தைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். மறுபடியும் வந்தது.

"மூச்சு இருக்கிறது" என்றார் உஸ்தாத். அதற்குப் பிறகுதான் எங்கள் டிரம்பெட்டைக் கையில் எடுத்தார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் கண்டுபிடித்த பழுதுகள் ஆறு. அதில் மூன்று நான் செய்தவை.

மவுத்பீஸை எடுக்க அவரிடம் இருபுறமும் திருகுகள் வைத்த ஒரு சிறு இரும்புக் கவ்வி இருந்தது. இரண்டு பக்கமும் சமமாக முறுக்கினார்; அரை நிமிடத்தில் வந்துவிட்டது. "இடுக்கி போட்டால் மவுத்பீஸ் வராது, குழாய்தான் முறுகும்" என்றபடி, நான் 'டக்' என்று விட்ட இடத்தைக் காட்டினார். குழாய்களைச் சேர்த்துப் பிடித்திருந்த ஒரு தாங்கியின் பற்றவைப்பு விட்டிருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து ஒட்டினார்.

வால்வுகளைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஒவ்வொரு வால்விலும் எண் பொறித்திருக்கிறது. வாசிப்பவர் பக்கம் இருப்பது ஒன்று, கடைசியில் மூன்று. நான் ஒன்றையும் மூன்றையும் மாற்றிப் போட்டிருந்தேன். வால்வில் உள்ள துளைகள் குழாயின் துளைகளுக்கு நேராக வராததால் காற்றுக்கு வழியில்லை. "ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். மூன்றையும் கழற்றினால் மூன்று நாள் தேடலாம்." பிறகு வால்வை முகர்ந்து பார்த்தார். "இது என்ன வாசனை? நீங்கள் மத்ராஸா?" அவமானத்தோடு ஒப்புக்கொண்டேன். வெதுவெதுப்பான சோப்பு நீரில் வால்வுகளையும் கூட்டையும் கழுவினார். கொதிநீர் கூடாதாம், மேல்பூச்சு உரிந்துவிடும். துணி சுற்றிய கம்பியால் துடைத்து உலர்த்தி, தண்ணீர் போன்ற மெல்லிய வால்வு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். வால்வுகள் துள்ளி எழுந்தன.

நான்காவது பழுது, மூன்றாம் வால்வின் ஸ்லைடு, அதாவது உருவி எடுக்கக்கூடிய வளைகுழாய், ஆண்டுக்கணக்கில் நகராமல் இறுகியிருந்தது. இடுக்குகளில் எண்ணெய் விட்டு அப்படியே வைத்துவிட்டு ஒரு டீ குடித்தார். பிறகு லேசாகச் சூடு காட்டினார். வளைவுக்குள் ஒரு துணிப் பட்டையைக் கோத்து, வெடுக்கென்று இழுத்தார். மூன்றாவது இழுப்பில் வந்தது. நானாக இருந்தால் முதல் இழுப்பிலேயே சுத்தியலைத் தேடியிருப்பேன். ஐந்தாவது, வால்வு மூடிகளின் அடியில் இருக்க வேண்டிய கம்பளித் துண்டுகள் தேய்ந்து போயிருந்தன. அழுத்தும்போதெல்லாம் கேட்ட 'டிக் டிக்' சத்தம் அதனால்தான். அவை இல்லாவிட்டால் வால்வு நிற்க வேண்டிய உயரமும் மாறிப்போகும்.

பிறகு ஒரு டார்ச்சை வைத்துக் குழாய்க்குள் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று கேட்டேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். ஈரம் உள்ளேயே தங்கினால் நாளடைவில் துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அது வந்துவிட்டால் மருந்து கிடையாது. குழாயையே மாற்ற வேண்டும். எங்களுடையதில் இல்லை. "வாசித்த பிறகு தண்ணீரை வடித்து வைத்திருக்கிறாள். நல்ல பெண்" என்றார். மகள் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

இத்தனையும் சரியான பிறகு அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அதே பழைய மங்கல். அதே இரைச்சல். எனக்குப் பழைய பயம் திரும்பியது. அவர் முகத்தில் மட்டும், தேடியது வசமாக வந்து மாட்டியது போன்ற ஒரு களை.

முதலில் வால்வுகளைச் சோதித்தார். ஒரு ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்து, சில விநாடி காத்து, அதன் வால்வை அழுத்தினார். 'டப்' என்று சத்தம் வந்தது. "உள்ளே வெற்றிடம் நின்றிருக்கிறது. ஆகவே வால்வு ஒழுகவில்லை." பிறகு முன்பக்கத்துப் பெரிய ஸ்லைடை உருவினார். ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்தார். தண்ணீர் வடிக்கும் சாவியைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவிவிட்டு, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார்.

சாவியின் ஓரத்தில் ஒரு குமிழி புறப்பட்டது. பெரிதாகி, உடைந்தது. இன்னொன்று புறப்பட்டது.

நீர் வடியும் துளையை மூடுவது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கார்க் துண்டு. ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கிறது. கார்க் மக்கிப் போயிருந்தது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஐந்து மாதங்களாக என் மகள் ஊதிய மூச்சில் ஒரு பகுதி அந்த ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

"அப்படியானால் எல்லா சுரமும் கெட்டிருக்க வேண்டாமா? சிலது நன்றாகத்தானே வந்தது?" என்று கேட்டேன்.

"அதுதான் இதன் ஏமாற்று வேலை" என்றார். குழாய்க்குள் அதிரும் காற்றுக்கு ஒவ்வொரு சுரத்துக்கும் அழுத்தம் கூடும் இடமும் குறையும் இடமும் வேறு வேறு. ஓட்டை இருக்கும் இடத்தில் எந்தச் சுரத்துக்கு அழுத்தம் அதிகமோ அது கெடும்; மற்றவை தப்பிக்கும். பாதி நன்றாக வருகிறது என்பதால் யாரும் வாத்தியத்தைச் சந்தேகிப்பதில்லை. வாசிப்பவரைச் சந்தேகிக்கிறார்கள். அதுவும் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பிளேடால் ஒரு கார்க்கைச் சீவி, வட்டமாக நறுக்கி, பசை வைத்து ஒட்டினார். ஸ்பிரிங்கை மாற்றினார். மறுபடி சோப்பு நீர். குமிழி இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 ரூபாய் கேட்டார். கார்க்குக்கு எவ்வளவு என்றேன். "அதற்கு என்ன கணக்கு? இருபது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்."

மகள் வாசித்தாள். மேல் சுரம் வந்தது. அவள் நிறுத்தவே இல்லை. எதிர்க் கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் சந்தின் மறுமுனையைப் பார்த்தபடி நின்றேன். கண் நிறைந்திருந்ததை அவள் பார்க்க வேண்டாம் என்று.

திரும்பும் பஸ்ஸில், மோடிநகர் தாண்டிய பிறகு, அவள் கேட்டாள்: "அம்மா, என்னால முடியாதுன்னு நீயும் நெனச்சேதானே?"

மாஸ்டர் சொன்னார், டாக்டர் எச்சரித்தார், காற்று மோசம் என்று பதில்கள் நாக்கு நுனியில் இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

"ஆமாம்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். ஐந்து மாதங்களில் எனக்கு அதிகம் வலித்தது அந்த வாக்கியம்தான். கசிந்தது காற்று மட்டுமல்ல.

என் தொழிலில் இதே கூத்தைத் தினம் பார்க்கிறேன். ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது சில வரிகள் சரளமாக ஓடும். சில வரிகள் திணறும். உடனே, "இதெல்லாம் தமிழில் வராது" என்று சொல்லிவிடுவோம். மொழிக்கு மூச்சு போதவில்லை என்று தீர்ப்பு. நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த டிசம்பருக்குப் பிறகு சொல்வதில்லை. திணறும் வரியை எடுத்து ஒரு முனையை அடைத்து ஊதிப் பார்க்கிறேன். பெரும்பாலும் குமிழி என் வாக்கியத்தில்தான் கிளம்புகிறது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு கடிதம் கொடுத்தேன். பிறகு பாண்டு மாஸ்டரைத் தேடிப் போனேன். இடுக்கி போட்டதிலிருந்து தேங்காய் எண்ணெய் வரை என் குற்றங்களை முதலில் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு கார்க் விஷயத்தைச் சொன்னேன். அவர் டிரம்பெட்டை வாங்கித் தானே ஊதிப் பார்த்தார். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஒரு குவளையில் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கலக்கிக்கொண்டு வந்தார். ஸ்டோர் ரூமைத் திறந்து, மீதி ஐந்து டிரம்பெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். இரண்டில் குமிழி வந்தது.

அதில் ஒன்றை முந்தைய வருடம் ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தானாம். 'மூச்சு போதவில்லை' என்று அவனை டிரம்முக்கு மாற்றியிருந்தார்கள். மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததைச் சொல்லி, மறுபடி டிரம்பெட் வாசிக்கிறாயா என்று கேட்டார். பையன் யோசித்தான். வேண்டாம் சார், டிரம் பழகிவிட்டது என்றான். மாஸ்டர் தலையை அசைத்தார். அவன் போன பிறகும் அந்த டிரம்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

2019 ஜனவரி 26 அன்று பள்ளி மைதானத்தில் கடுங்குளிர். குளிரில் டிரம்பெட்டின் சுருதி இறங்கும். ஆகவே வாசிப்பதற்கு முன் பிள்ளைகள் வால்வுகளை அழுத்தியபடி சத்தமில்லாமல் வெறும் மூச்சை உள்ளே ஊதி வாத்தியத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். தேசிய கீதம் 52 விநாடி. இரண்டாவது வரிசையில் இடது ஓரம் என் மகள். ஆறு டிரம்பெட்டுகளில் எது அவளுடையது என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. ஒன்று கூட இரையவில்லை என்பது மட்டும் கேட்டது.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். இன்ஹேலர் இன்னும் பையில் இருக்கிறது. டிரம்பெட் எப்போதாவது வாசிக்கிறாள். வீட்டில் டிரம்பெட்டின் இடம் பால்கனியிலிருந்து கூடத்து அலமாரிக்கு மாறி வெகு நாளாகிறது. பாட்டிதான் மாற்றினார். "வெளியில வச்சா அதுக்குக் குளிரும்" என்று காரணம் சொன்னார். பக்கத்தில் வால்வு எண்ணெய் பாட்டில் ஒன்று இருக்கிறது. தவறி யாரும் தலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதே என்று அதன்மேல் பெரிய எழுத்தில் தமிழில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.